கடலடி வாழ்க்கையும் ஆழ்கடல் பயணமும்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையைக் கடக்கும் எவரும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வாயிலைப் பார்த்திருப்பார்கள். என்.ஐ.ஓ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த நிறுவனம் மத்ஸ்யா 6000 என்ற வாகனத்தில் மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பப்போகிறது என்ற செய்தி வெளியானதிலிருந்து, மாணவர்களும் பெற்றோரும் கடலடி வாழ்க்கையைப் பற்றி நிறையவே கேட்கிறார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. விடைகளைப் படிக்கும்போது ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடலுக்குள் இறங்கும் மனிதன் நீரின் அழுத்தத்தை ஓர் உறுதியான ஓட்டுக்கு வெளியே நிறுத்திவைக்கலாம். அல்லது அதைத் தன் உடலே ஏற்கும்படி விடலாம். எந்த வழியைத் தேர்ந்தான் என்று தெரிந்துவிட்டால், அவன் எவ்வளவு ஆழம் போகலாம், எத்தனை நாள் தங்கலாம், எப்படித் திரும்பலாம் என்பவற்றில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

கடலுக்கடியில் மனிதர்கள் உண்மையிலேயே வாழ்ந்திருக்கிறார்களா?

வாழ்ந்திருக்கிறார்கள், நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும், மிகச் சிலர் மாதக்கணக்கிலும். பிரான்சின் ழாக் கூஸ்தோ 1962-இல் மார்செய் நகருக்கு அருகே 10 மீட்டர் ஆழத்தில் ஓர் உருளை வடிவ அறையை இறக்கி, அதில் இருவரை ஒரு வாரம் தங்கவைத்தார். மறு ஆண்டு செங்கடலில், சூடான் கரைக்கு அப்பால், இன்னும் பெரிய வாழிடம் அமைத்து ஒரு குழுவை ஒரு மாதம் தங்கவைத்தார். 1965-இல் அவருடைய ஆட்கள் ஆறு பேர் 100 மீட்டர் ஆழத்தில் மூன்று வாரம் இருந்தார்கள்.

அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படை சீலேப் என்ற பெயரில் சோதனைகளை நடத்தியது. விண்வெளிக்குச் சென்று வந்த ஸ்காட் கார்ப்பென்டர், 1965-இல் கலிபோர்னியாவின் லா ஹோயா கரைக்கு அப்பால் 62 மீட்டர் ஆழத்திலிருந்த சீலேப் 2-இல் 30 நாள் தங்கினார். அங்கிருந்தபடியே, ஜெமினி 5 கலத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த கார்டன் கூப்பருடன் பேசவும் செய்தார். 1969-இல் சீலேப் 3 முயற்சியில் பெரி கேனன் என்ற மூழ்குநர் இறந்தார். அவர் பயன்படுத்திய மூச்சுக் கருவியில் கரியமில வாயுவை உறிஞ்சும் வேதிப்பொருள் நிரப்பப்படாமல் இருந்ததாக விசாரணையில் கூறப்பட்டது. திட்டம் அத்துடன் நின்றது. விண்வெளிப் பயணம் உலகத்தின் கண்ணை முழுவதுமாகத் தன்பக்கம் இழுத்துக்கொண்ட ஆண்டும் அதுவே என்பதைச் சேர்த்துப் பார்த்தால், கடலடி வாழ்க்கை ஏன் அதற்குப் பிறகு வளரவில்லை என்பது ஓரளவு விளங்கும்.

1970-இல் அமெரிக்க வர்ஜின் தீவுகளில் நடந்த டெக்டைட் 2 திட்டத்தில் சில்வியா ஏர்ல் தலைமையில் பெண்கள் மட்டுமே கொண்ட குழு ஒன்று கடலடியில் தங்கி ஆய்வு செய்தது. ஆய்வுக்காகப் பல ஆண்டுகள் இயங்கிய வாழிடங்களில் இன்று பெரிதும் அறியப்பட்டது புளோரிடாவின் அக்குவேரியஸ். அது பவளத்திட்டு ஒன்றின் அருகே ஏறத்தாழ 19 மீட்டர் ஆழத்து மணலில் நிற்கிறது. நாசா தன் விண்வெளி வீரர்களை 2001 முதல் பயிற்சிக்காக அங்கே அனுப்பியது.

வாழிடத்தின் தரையில் ஒரு திறந்த வாசல் இருக்கிறதாமே. கடல்நீர் ஏன் உள்ளே ஏறுவதில்லை?

ஒரு டம்ளரைக் கவிழ்த்து நேராக வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் உள்ளே காற்று தங்கிவிடுகிறது அல்லவா, அதே காரணம்தான். உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமும் வெளியிலிருக்கும் நீரின் அழுத்தமும் சமமாக இருக்கும்வரை நீர் அந்த வாசலின் மட்டத்திலேயே நின்றுவிடும். கதவு திறக்க வேண்டியதில்லை, அறையை நீரால் நிரப்பிக் காலி செய்ய வேண்டியதில்லை. கால்களை நீருக்குள் தொங்கவிட்டு உட்கார்ந்து, முகமூடியை மாட்டிக்கொண்டு அப்படியே இறங்கிவிடலாம். ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு: உள்ளே இருப்பவர் சுவாசிப்பது கரையில் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தில் அன்று. அக்குவேரியஸின் உள்ளே அது ஏறத்தாழ இரண்டரை மடங்கு.

அந்த அழுத்தம் உடலை என்ன செய்கிறது?

மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் செய்வதில்லை. நம் உடலின் பெரும்பகுதி நீர் என்பதால் அது நசுங்குவதில்லை. சிக்கல் வாயுவில் இருக்கிறது. அழுத்தம் கூடும்போது மூச்சில் உள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் கொழுப்பிலும் தசையிலும் கூடுதலாகக் கரைகிறது. அப்படிக் கரைந்த நிலையில் ஒருவர் சட்டென்று மேலே வந்தால், கரைந்த வாயு குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளிலும் தண்டுவடத்திலும் அடைத்துக்கொள்ளும். மூழ்குநர்கள் பெண்ட்ஸ் என்று அஞ்சும் நோய் இதுதான். வலியோடு முடியலாம், வாதத்தில் முடியலாம், உயிரும் போகலாம்.

ஏறத்தாழ ஒரு நாள் ஆழத்தில் தங்கிவிட்டால், உடல் அந்த அழுத்தத்தில் ஏற்கக்கூடிய அளவு வாயுவை ஏற்று முடித்துவிடும். அதற்குமேல் பத்து நாள் தங்கினாலும், முப்பது நாள் தங்கினாலும் மேலே வருவதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. கடலடி வாழிடங்கள் அனைத்தும் இந்த ஒரு கண்டுபிடிப்பின்மேல் எழுந்தவை. தினமும் இறங்கி ஏறுவதைவிட, ஒரே தடவை இறங்கி, வேலை முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டு, ஒரே தடவை மெதுவாக ஏறுவது இலாபம்.

அக்குவேரியஸிலிருந்து திரும்பும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். புறப்படும் நாளுக்கு முன்பே கதவுகள் அடைக்கப்பட்டு, உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ 17 மணி நேரத்தில் சிறிது சிறிதாகக் குறைக்கப்படுகிறது. கட்டில்களில் படுத்தபடி அவ்வப்போது தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கிறார்கள். முடிவில் அறை கடலடியிலேயே இருக்கிறது, ஆனால் உள்ளே கரையின் அழுத்தம் வந்துவிட்டது. அதன்பின் அழுத்தத்தைச் சில நிமிடங்களுக்கு மறுபடியும் உயர்த்தி, வாசலைத் திறந்து, நீந்தி மேலே வந்துவிடுகிறார்கள். இந்த 17 மணி நேரத்தைத் தாண்டிக் குதிக்க வழியே இல்லை. வாழிடத்தில் ஒருவருக்குக் குடல்வால் அழற்சி வந்தாலும், 19 மீட்டர் மேலே படகு நிற்பது தெரிந்தாலும், அவரை உடனே மேலே தூக்க முடியாது. ஆழம் கூடக்கூட இந்தக் காத்திருப்பும் கூடும்: ஒவ்வொரு 30 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு நாள், அதன்மேல் இன்னொரு நாள் என்பது தொழில்முறை மூழ்குநர்களிடையே வழங்கும் கணக்கு.

ஹீலியம் எதற்காக?

சாதாரணக் காற்றை மூச்சாகக் கொண்டு 30 மீட்டருக்குக் கீழே போனால் நைட்ரஜன் போதை தரத் தொடங்கும். 50, 60 மீட்டரில் கூட்டல் கணக்குக்கூடத் தடுமாறும். ஆகவே ஆழமான பணிகளில் நைட்ரஜனுக்குப் பதிலாக ஹீலியத்தைச் சேர்க்கிறார்கள். அதில் பேச்சு கீச்சுக்குரலாகிவிடும். கட்டுப்பாட்டு அறையில் குரலைத் திருத்தித் தரும் கருவி வைத்துத்தான் கேட்பார்கள். உடல் வெப்பத்தை ஹீலியம் விரைவாகப் பறித்துக்கொள்வதால், உள்ளே நமக்கு வியர்க்கும் அளவுக்குச் சூடாக வைத்திருந்தால்தான் அவர்களுக்கு இதமாக இருக்கும்.

இம்முறையில் நம் நாட்டில் பணியாற்றுவோர் எண்ணெய்க் கிணறுகளின் மூழ்குநர்களும் கடற்படையினரும். 2025 ஜூலையில் விசாகப்பட்டினத்தில் பணியில் சேர்க்கப்பட்ட ஐ.என்.எஸ். நிஸ்தார் கப்பலில் 300 மீட்டர் வரை மூழ்குநர்களை இறக்கும் ஏற்பாடு உண்டு.

அங்கே சமைக்க முடியுமா?

நெருப்பு கூடாது. மூடிய அறையில், அழுத்தம் மிகுந்த காற்றில், திறந்த தீ பேராபத்து; எண்ணெய்ப் புகையையும் வெளியேற்ற வழியில்லை. எனவே தாளிப்பு இல்லாத உணவைத்தான் நம்மவர்கள் உண்ண வேண்டியிருக்கும். உலர்த்திய உணவில் வெந்நீர் ஊற்றிச் சாப்பிடுவது வழக்கம். நுண்ணலை அடுப்பும் பயன்படுகிறது. அங்கே நாக்கில் சுவை மங்கிவிடுவதாகத் தங்கியவர்கள் சொல்கிறார்கள். ஊறுகாய்க்கு அங்கே நல்ல மதிப்பு இருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

மத்ஸ்யா 6000 இந்த வாழிடங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

அடிப்படையிலேயே வேறு. மத்ஸ்யாவில் செல்பவர்கள் முழு நேரமும் கரையில் நாம் சுவாசிக்கும் அதே அழுத்தத்தில்தான் இருப்பார்கள். ஆகவே 6,000 மீட்டர் சென்று திரும்பினாலும் அவர்களுக்குப் பெண்ட்ஸ் அச்சம் இல்லை. கதவைத் திறந்து கப்பலில் கால் வைத்துவிடலாம். அதற்கு ஈடாக, கடலின் முழு அழுத்தத்தையும் ஓர் உலோகக் கோளம் தாங்கியாக வேண்டும்.

அந்தக் கோளம் டைட்டானியக் கலவையால் ஆனது, விட்டம் 2.1 மீட்டர், சுவரின் தடிமன் 80 மில்லிமீட்டர். 6,000 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 600 கிலோ எடை அழுத்தும். கோளத்தின் மேற்பரப்பு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் அது 80,000 டன்னைத் தாண்டுகிறது. கோள வடிவம் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்தப்படும்போது மூலைகளே இல்லாத வடிவம்தான் அதைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் கோளத்தின் உருவம் இம்மியும் பிசகக்கூடாது. அவ்வளவு தடித்த டைட்டானியத்தைப் பற்றவைப்பதற்கு எலக்ட்ரான் கற்றை முறையை நாடி, இஸ்ரோவின் துணையுடன் அப்பணி செய்யப்பட்டது.

இரண்டு மீட்டர்ப் பந்தின் உள்ளே மூன்று பேர். சுற்றிலும் திரைகள், ஆக்சிஜன் உருளைகள், கரியமில வாயுவை அகற்றும் பெட்டிகள், மின்கம்பிகள் எல்லாம் போக மிஞ்சும் இடத்தில் கால்களை நீட்டவும் யோசிக்க வேண்டியிருக்கும். எழுந்து நிற்பது என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. மேற்பரப்பில் சென்னை வெயிலில் புழுங்கும் கோளம், கீழே இரண்டு, மூன்று டிகிரி நீர் சூழ்ந்திருக்கும்போது குளிரத் தொடங்கும்; சுவரில் மூச்சின் ஈரம் முத்து முத்தாகப் படியும். ஓரிரு நூறு மீட்டருக்குக் கீழே கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் தேய்ந்துபோகும். 1,000 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி அறவே எட்டாது. சன்னலில் தெரிவதெல்லாம் விளக்கொளி எட்டும் சில மீட்டர்கள் மட்டுமே. சாதாரணப் பயணத்துக்கு 12 மணி நேரமும் அவசர நிலையில் 96 மணி நேரமும் உயிர்காப்பு வசதி இருக்கும்படி அது வடிவமைக்கப்பட்டுள்ளது.

திட்டம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

ஆழ்கடல் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஐந்தாண்டுகளுக்கு 4,077 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் தந்தது. அதன் ஒரு பகுதியாக, மத்ஸ்யாவில் மனிதரை ஆழ்கடலுக்கு அனுப்பும் சமுத்ரயான் திட்டம் அதே ஆண்டு அக்டோபரில் சென்னையில் தொடங்கிவைக்கப்பட்டது. அந்த மாதமே, எஃகினால் செய்த ஒரு கோளம் சாகர் நிதி கப்பலிலிருந்து வங்கக்கடலில் 600 மீட்டர் வரை இறக்கிச் சோதிக்கப்பட்டது. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் மத்ஸ்யாவை ஆளில்லாமலும் ஆட்களுடனும் நீரில் அமிழ்த்திச் சோதனைகள் நடந்தன. 2025 ஆகஸ்டில் இந்தியர் இருவர் பிரான்சின் நாட்டீல் வாகனத்தில் அட்லாண்டிக் கடலில் அடுத்தடுத்த நாள்களில் 4,025 மீட்டரும் 5,002 மீட்டரும் சென்று வந்தார்கள். கடலோட்டிகளுக்குக் கற்றுக்கொடுப்பதற்கு அனுபவத்தைவிடச் சிறந்த வாத்தியார் கிடையாது. பிறர் வாகனத்தில் ஏறிப் பழகியதை நாம் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

ஆழத்தில் ஏதாவது கோளாறு நேர்ந்தால்?

ஆழ்கடல் வாகனங்கள் எடையைச் சுமந்துகொண்டு இறங்கி, அந்த எடையை உதறிவிட்டு ஏறுபவை. வாகனத்தின் உடலில் வைத்திருக்கும் மிதவைப் பொருள் அதை எப்போதும் மேலே தூக்கவே முயலும். மின்சாரம் போனாலும் எடைகள் கழன்றுவிழும்படி ஏற்பாடு செய்வது வழக்கம். பயப்பட வேண்டியது வலை, கயிறு, பாறை இடுக்கு ஆகியவற்றில் சிக்கிக்கொள்வதற்குத்தான். 96 மணி நேரக் கையிருப்பு அதற்காகவே.

உதவி கேட்பதும் எளிதன்று. வானொலி அலை கடல்நீரில் வெகுதூரம் செல்லாது. ஒலியைத்தான் நம்ப வேண்டும். ஒலி நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். 6,000 மீட்டரிலிருந்து "கேட்கிறதா?" என்றால் கப்பலுக்குப் போய்ச்சேர 4 நொடி, பதில் வர இன்னும் 4 நொடி.

டைட்டன் வாகனத்துக்கு நேர்ந்தது இதற்கும் நேராதா?

2023 ஜூன் 18 அன்று டைட்டானிக் சிதைவைக் காணச் சென்ற டைட்டன் வாகனம் நசுங்கி, அதிலிருந்த ஐவரும் இறந்தார்கள். அதன் நடுப்பகுதி கரிம இழையால் செய்த உருளை. இரு முனைகளிலும் டைட்டானியம். கரிம இழை இழுவிசைக்கு மிகச் சிறந்தது. ஆனால் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யப்படுவதால், திரும்பத் திரும்ப அழுத்தப்படும்போது அடுக்குகளுக்கிடையே நேரும் சிதைவைக் கண்டறிவது கடினம். கப்பல்களைச் சோதித்துத் தரச்சான்று வழங்கும் எந்த நிறுவனத்திடமும் அந்த வாகனம் சான்று பெறவில்லை. ஒப்பிட்டுப் பார்த்தால், அமெரிக்காவின் ஆல்வின் 1964 முதல் 5,000-க்கும் மேற்பட்ட தடவை இறங்கி ஏறியிருக்கிறது; ஜப்பானின் ஷின்காய் 6500, பிரான்சின் நாட்டீல் ஆகியவையும் பல்லாண்டுகளாக இயங்குகின்றன. இவை எல்லாம் உலோகக் கோளங்கள். எல்லாம் மறுபடி மறுபடி சோதிக்கப்பட்டவை. மத்ஸ்யா இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. காலம் தள்ளிப்போகிறது என்று குறைப்பட்டுக்கொள்வோர் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் தாமதம் பெரும்பாலும் நல்ல அறிகுறியே.

ரோபோ போதாதா? மனிதர் எதற்கு?

பெரும்பாலான வேலைக்கு ரோபோ போதும் என்பதே நேர்மையான விடை. என்.ஐ.ஓ.டி.யின் ரோசப் 6000 என்ற ஆளில்லா வாகனம் 2010-இலேயே நடு இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டரைத் தொட்டது. 2024 டிசம்பரில், ஓ.எம்.இ. 6000 என்ற தானியங்கி வாகனம் இந்தியப் பெருங்கடலின் நடுமேட்டில் ஏறத்தாழ 4,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்று ஒன்றைப் படம்பிடித்தது. இவற்றுக்கு மூச்சு வேண்டாம், பசி இல்லை, வீட்டில் யாரும் காத்திருப்பதில்லை. வரைபடம் எடுப்பது, மாதிரி சேகரிப்பது, கம்பி சோதிப்பது எல்லாவற்றையும் அவற்றிடமே விடுவது நல்லது.

ஆயினும் மனிதர் ஒருவர் நேரில் பார்ப்பதற்கு ஒரு தகுதி உண்டு. கேமரா காட்டும் சட்டகத்துக்கு வெளியே அசைந்த ஒன்றைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் கண்ணுக்குத்தான் இருக்கிறது. மனிதரைச் சுமக்கும் வாகனம் ஒன்றைக் கட்டி முடிக்கும் நாடு, அதன் வழியில் உலோகம், பற்றவைப்பு, மிதவைப் பொருள், உயிர்காப்பு ஆகிய அனைத்தையும் கற்றுக்கொள்கிறது என்பதும் உண்மை. இந்த இரண்டாவது காரணமே முதலாவதைவிட வலுவானது என்பது என் கருத்து.

கடலடியிலிருந்து தாதுக்களை எடுக்கப்போகிறார்களா?

நடு இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பன்னுலோக முடிச்சுகளை ஆராய இந்தியா பன்னாட்டுக் கடற்படுகை ஆணையத்துடன் 2002-இல் ஒப்பந்தம் செய்தது. முடிச்சு என்பது உள்ளங்கையில் அடங்கும் கருநிறக் கட்டி. மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட் ஆகியவை அதில் உள்ளன. அதைத் திரட்டுவதற்காகச் செய்த வராஹா என்ற ஊர்தி 2021-இல் 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. இதுவரை நடப்பது ஆய்வு மட்டுமே. வணிக நோக்கில் அள்ளுவதற்கான பன்னாட்டு விதிகள் இன்னும் முடிவாகவில்லை.

இதில் அவசரம் கூடாது. ஒரு முடிச்சு சில மில்லிமீட்டர் வளர்வதற்குப் பத்து இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. ஆழ்கடல் உயிர்கள் பல அந்த முடிச்சின் மேலேயே ஒட்டி வாழ்கின்றன. பெரு நாட்டுக்கு அப்பால் 1989-இல் சோதனைக்காகக் கடற்படுகையை உழுதார்கள். 26 ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அந்தத் தடங்கள் அப்படியே இருந்தன. மின்கலங்களுக்கு உலோகம் தேவை என்ற வாதத்தை மறுக்க முடியாது; ஆனால் உழுத தடம் மறையாத நிலத்தில் ஏரைப் பூட்டுவதற்கு முன்னால் ஒரு தலைமுறை யோசித்தாலும் தவறில்லை.

சென்னைக்கு எதிரே கடலுக்கடியில் இப்போது என்ன இருக்கிறது?

நாம் நினைப்பதைவிட அதிகம். நாம் அனுப்பும் செய்தியும் பார்க்கும் படமும் சாந்தோம் கரையில் ஏறும் கண்ணாடி இழைக் கம்பிகள் வழியாக வருகின்றன. சிங்கப்பூருக்கு 2002-இல் போடப்பட்ட ஐ-டூ-ஐ, அதன்பின் வந்த சீ-மீ-வீ 4 போன்றவை சென்னையை உலகத்தோடு இணைக்கின்றன. 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர்க் கம்பி சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் செல்கிறது. ஆழ்கடலில் அந்தக் கம்பியின் தடிமன் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர்தான். கரைக்கு அருகில் மட்டும் எஃகுக் கவசம் போர்த்தி மண்ணுக்குள் புதைக்கிறார்கள். ஏனென்றால் கம்பி அறுவதற்குச் சுறாவைவிட நங்கூரமும் இழுவலையுமே காரணம்.

இன்னும் தொலைவில், வங்கக்கடலின் தரையில் அழுத்தமானிகள் கிடக்கின்றன. ஆயிரக்கணக்கான மீட்டர் நீரின் எடையில் சில சென்டிமீட்டர் மாற்றத்தையும் அவை உணரும். உணர்ந்ததை ஒலியால் மேலே உள்ள மிதவைக்கும், மிதவை செயற்கைக்கோள் வழியே கரைக்கும் அனுப்பும். சுனாமி எச்சரிக்கை ஐதராபாதிலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்திலிருந்து வெளியாகும். 2004 டிசம்பர் 26 காலையில் பட்டினப்பாக்கத்திலும் சீனிவாசபுரத்திலும் அலை வந்தபோது நம்மிடம் இப்படி ஒரு கருவியும் இல்லை. வேடிக்கை பார்க்க வருவோரின் கண்ணுக்குப் படாத இந்த மிதவைகளைப் பழுதுபார்க்கப் பருவம் தவறாமல் கடலுக்குப் போகிறவர்களுக்கு மத்ஸ்யாவுக்குக் கிடைக்கும் புகழில் பத்தில் ஒரு பங்காவது கிடைக்க வேண்டும்.

மெரினாவுக்கு அப்பால் ஒரு கடலடி வாழிடம் அமைக்க முடியுமா?

அமைக்கலாம், ஆனால் யாரும் அங்கே தங்க விரும்பமாட்டார்கள். நம் கரைக்கு அருகே கடலடி மணலும் சேறுமாக இருக்கிறது. கூவமும் அடையாறும் கொண்டுவந்து சேர்ப்பது போதாதென்று, வடகிழக்குப் பருவத்தில் வாடைக்காற்று நீரைக் கலக்கிவிடுகிறது. பல நாள்களில் நீட்டிய கை தெரியாது. 2016-இல் வர்தா, 2023-இல் மிக்ஜாம் என்று புயல்களும் வந்து போகின்றன. மீனவர்களின் வலைகளுக்கு அது ஒரு தடையாகவும் ஆகும். இந்தியாவில் ஒரு வாழிடம் அமைவதென்றால் இலட்சத்தீவும் அந்தமானுமே ஏற்ற இடங்கள். கவரத்தித் தீவில் 2005 முதல் ஆழத்துக் குளிர்நீரைக் கொண்டு நாளுக்கு ஒரு இலட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கும் என்.ஐ.ஓ.டி.யின் நிலையம் இயங்குவதால், கடலடிப் பணியில் பழகிய கைகளும் அங்கே உண்டு.

மாமல்லபுரத்தில் கோயில்கள் மூழ்கிக் கிடக்கின்றனவா?

2002 ஏப்ரலில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் பிரிட்டனின் அறிவியல் ஆய்வுச் சங்கம் ஒன்றும் சேர்ந்து கடற்கரைக் கோயிலுக்கு எதிரே மூழ்கிப் பார்த்தன. 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் கல் கட்டுமானங்களின் எச்சங்கள், சுவர்கள், செதுக்கிய கற்கள் காணப்பட்டன. ஏழு கோயில்கள் என்று மாலுமிகள் சொல்லி வந்த கதையை அது மெய்ப்பித்துவிட்டதாகக் கொள்ள முடியாது. கட்டடங்கள் இருந்தன என்பது வரை உறுதி. சேறு படிந்த நீரில், கல்லைத் தடவிப் பார்த்துத்தான் பாதி ஆய்வு நடக்கிறது.

கடலடி நகரங்கள் எப்போது வரும்?

நம் காலத்தில் வராது. அழுத்தம், மின்சாரம், காற்று, வெளியேறும் வழி எல்லாம் சேர்ந்து கடலடியில் ஒருவரைத் தங்கவைக்கும் செலவை மிகவும் உயர்த்திவிடுகின்றன; கரையில் செய்ய முடியாத எந்த வேலைக்காக அங்கே குடும்பத்துடன் போக வேண்டும் என்பதற்கு யாரும் இதுவரை நல்ல விடை சொல்லவில்லை. 2023-இல் புளோரிடாவின் ஒரு கடலடி விடுதியில் ஒருவர் 100 நாள் தங்கினார். பனாமாவில் இன்னொருவர் கரையின் அழுத்தமே கொண்ட அறையில் 120 நாள் தங்கி 2025 ஜனவரியில் வெளியே வந்தார். இரண்டும் பத்து மீட்டரை ஒட்டிய ஆழங்களில். இவை சாதனைகள்தான், குடியேற்றத்தின் தொடக்கம் என்று எண்ண இடமில்லை.

நீச்சல் தெரிந்தவர் ஸ்கூபா கற்கலாமா?

கற்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் புதுச்சேரியிலும் பயிற்சி நிலையங்கள் உள்ளன. தொடக்கநிலைச் சான்றிதழ் 18 மீட்டர் வரை அனுமதிக்கும். பொழுதுபோக்கு மூழ்குதலின் எல்லை 40 மீட்டர். காது, சைனஸ், ஆஸ்துமா, இதயம் பற்றி மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சளி பிடித்திருந்தால் இறங்கவே கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வருவது நுரையீரலைக் கிழித்துவிடும். பலமுறை மூழ்கிய பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்பதால், ஞாயிறு காலை கோவளத்தில் மூழ்கிவிட்டு அன்று மாலையே மீனம்பாக்கத்தில் விமானம் பிடிக்கும் திட்டத்தைக் கைவிடுவது நல்லது.

இத்துறையில் சேர என்ன படிக்க வேண்டும்?

ஒரே படிப்பு என்று இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் கடல்சார் பொறியியல் துறை உண்டு. கப்பல் வடிவமைப்பும் அங்கே கற்பிக்கப்படுகிறது. உத்தண்டியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் மத்ஸ்யா போன்ற ஒன்றைக் கட்டுவோரில் இயந்திரவியல், மின்னணுவியல், உலோகவியல், ஒலியியல், மருத்துவம் படித்தவர்கள் கலந்தே இருப்பார்கள். கணக்கிலும் இயற்பியலிலும் அடித்தளம் உறுதியாக இருந்தால் எந்தப் பிரிவிலிருந்தும் வரலாம். தொழிற்பயிற்சி முடித்த நல்ல பற்றவைப்பாளருக்கும் நீர்புகா இணைப்புகளைச் செய்யத் தெரிந்தவருக்கும் இங்கே பொறியாளருக்கு நிகரான தேவை உண்டு. கடலில் வாரக்கணக்கில் கப்பலில் இருக்க வேண்டிவரும். குமட்டல் தாங்காதவர்கள் முதலில் காசிமேட்டிலிருந்து ஒரு நாள் விசைப்படகில் போய்வந்து, தங்களுக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.